சாளையில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்: பட்டறைக் கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே சரிசெய்ய முயல்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். அளவுகளில் "தௌ" என்று வருவது லேத்துப் பட்டறை வழக்கப்படி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கேள்வி: எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வால்பாறை எஸ்டேட்டில் வேலையாக இருந்தபோது வாங்கிய 1966 மாடல் எம்ஜிபி, கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருபத்தைந்து வருடமாகத் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) நிற்கிறது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே தகரம் பொத்துவிட்டது. "மேலே ஒரு தகடு வைத்துப் பத்தவைத்து, பட்டி பார்த்துவிடலாம்" என்கிறார் டிங்கர். சரியா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸி கிடையாது, பாடிதான் சேஸி. மேலே கூரையும் இல்லை. அதனால் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடிக்கிற பாரம் காரின் நடுவே நீளமாக ஓடும் சுரங்கம் போன்ற மேட்டின் மேலும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளின் மேலும்தான் விழுகிறது. வெளியே தெரிகிற தகடு அந்தப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும். உள்ளே ஒரு தகடு, நடுவில் நெட்டுக்குத்தாக ஒன்று, அடியில் கோட்டை மதில் போல மேடும் பள்ளமுமாக மடித்த ஒன்று என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த வலு. வெளித்தகட்டில் ஓட்டை தெரிகிறது என்றால் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. உள்தகடு அதற்கு முன்பே போயிருக்கும். மேலே தகடு வைத்து மூடினால் அழுகல் மறையும், கார் நடுவில் தொய்வது நிற்காது.

முதலில் தொய்வு எவ்வளவு என்று பாருங்கள். கதவை மூடி, அதன் பின்விளிம்பில் மேலேயும் கீழேயும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மறுபடி அளவுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ கதவு இறுகினாலோ பெட்டி இரண்டையும் முழுதாக மாற்றியே ஆக வேண்டும்.

வேலைக்கு முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட்டு, தரைவிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காரை மட்டமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, முன் கிராஸ்மெம்பருக்கும் (முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பின் அச்சுக்கும் அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். காரின் எடை ஓடும்போது எங்கே இறங்குமோ அங்கேயே இறங்க வேண்டும். நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பத்தவைத்தால் அந்த வளைவோடேயே கார் உறைந்துவிடும். அடுத்து 25 மில்லிமீட்டர் சதுரப் பைப்பை எடுத்து, கதவுக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை பக்கத்துக்கு இரண்டு, குறுக்கே ஒன்று என்று தற்காலிகமாகப் பத்தவையுங்கள். பைப்பு உட்புறமாக இருக்கட்டும். அப்போதுதான் கதவை மாட்டி மாட்டிப் பார்க்க முடியும். இந்த வேலையில் அடிக்கடி செய்ய வேண்டியது அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். உள்தகட்டுக்கும் அடிமடிப்புக்கும் 1.2 மில்லிமீட்டர் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), வெளித்தகட்டுக்கு 0.9 அல்லது 1 மில்லிமீட்டர் போதும். மேலே வரும் தகட்டில் 6 மில்லிமீட்டர் துளைகளை 30 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, இரண்டு தகடும் ஒட்டும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, துத்தநாக வெல்டிங் பிரைமர் அடித்து, கிளாம்ப் போட்டு, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக ஊட்டும் மின் வெல்டிங்) துளையை நிரப்புங்கள். 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் கலந்த கேஸ். கேஸ் சுடரால் பத்தவைக்கும் கேஸ் வெல்டிங் இங்கே வேண்டாம். அந்தச் சூட்டில் தகடு நெளிந்துவிடும். மிக்கிலும் ஒரே இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஓட்டாமல், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தாண்டித் தாண்டி வையுங்கள். வெளித்தகட்டைக் கிளாம்பிலேயே நிறுத்தி, கதவை மாட்டி, சுற்றிலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஒரே சீராக இடைவெளி வருகிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாகப் பத்தவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்து ஆறிய பிறகுதான் சதுரப் பைப்பை அறுக்கலாம்.

பெட்டியின் அடியில் சிறிய வடிகால் துளைகள் இருக்கும். இந்தக் கார்கள் அழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம், அடியில் தார் பூசியவர் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்ததுதான். துளைகளைத் திறந்து விட்டு, பெயிண்ட் வேலை முடிந்தபின் உள்ளே மெழுகு ஸ்பிரே அடியுங்கள். டிங்கரிடம் இந்த வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை ஒப்படையுங்கள். கை நல்ல கையாக இருந்தால் அவரே செய்துவிடுவார்.

கேள்வி: துருப்பிடித்த சஸ்பென்ஷன் பாகங்களுக்கு ஆசிட் நல்லதா, மணல் வீச்சு நல்லதா?
- வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: உங்கள் ஊரில் மூன்றாவது வழியும் இருக்கிறது: கரும்பாலை மொலாசஸ். மாட்டுத் தீவனத்துக்கென்று கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் பாகங்களை முழுக மூழ்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துரு கருஞ்சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்பை அது தின்னாது. நுரைக்கும், நாற்றமெடுக்கும், ஆகவே டிரம் வீட்டுக்குத் தள்ளியே இருக்கட்டும். எடுத்ததும் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி, சோடா உப்புக் கரைசலில் நனைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும்.

அலுமினியத்தையும் துத்தநாக வார்ப்பையும் டிரம்மில் போடக் கூடாது, கரைந்துபோகும். கார்புரேட்டர் பாடி பக்கமே போகக் கூடாது. ஸ்பிரிங்கையும் உயர்வலு போல்ட்டுகளையும் ஆசிட்டில் போட்டால் ஹைட்ரஜன் ஏறி இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அவற்றைக் கம்பி பிரஷ்ஷால்தான் சுத்தம் செய்ய வேண்டும். மணல் வீச்சைக் கனமான வார்ப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதவு, பானட் போன்ற தட்டையான தகட்டில் அடித்தால் அலை அலையாக நெளிந்துவிடும். ஆரம்பகால எம்ஜிபியின் பானட் அலுமினியம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெயிண்ட் அடிக்க நாள் குறிக்கும்போது ஆடியைத் தவிருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் மூடிய கொட்டகைக்குள்ளும் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் 2கே பெயிண்டில், அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குத் துணி மாஸ்க் போதாது, வெளிக்காற்றுக் குழாயுள்ள முகமூடி வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையைப் பெயிண்ட் பூத் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எம்ஜிபி இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. டிராக்டரில் கட்டி இழுத்து, மூன்றாவது கியரில் விட்டால் விட்டுக்கொடுக்கும் என்கிறார்கள்.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: டிராக்டர் இழுத்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும், அது கனெக்டிங் ராடாகவோ ரிங்காகவோ இருக்கும். செல்ஃபையும் தட்டாதீர்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி, அசிட்டோனும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் 30 மில்லி ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், ஆகவே பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ கூடாது. ஒரு வாரம், இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். இதற்கிடையில் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் ஷாஃப்டைக் கழற்றுங்கள். வால்வு கைடுக்குள் இறுகியிருந்தால் இன்ஜின் சுற்றும்போது புஷ்ராடு வளைந்துபோகும். ராக்கரைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அதனால் முதலில் ரேடியேட்டரை வடித்து, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

பிறகு கிராங்க் முன்நட்டில் சாக்கெட் போட்டு, முன்னும் பின்னும் இலேசாக அசையுங்கள். ஓர் ஆளின் கைபலம் மட்டும் போதும், பைப்பு மாட்டி நீட்ட வேண்டாம். இரண்டு வாரத்திலும் அசையவில்லை என்றால் ஹெட்டை இறக்கிப் பார்ப்பதே வழி.

சுற்ற ஆரம்பித்தாலும் அப்படியே ஓட்டிவிடாதீர்கள். தண்ணீர் நின்ற சிலிண்டரில் ஒரு வளையம் போலக் குழி விழுந்திருக்கும். இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80.26 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9 மில்லிமீட்டர், கொள்ளளவு 1798 சி.சி. குழி போகவில்லை என்றால் 20, 30, 40 தௌ ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும். பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற கோவையில் நல்ல போரிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தப் பட்டறைக்காரராலும் பிஸ்டனை அளந்து, அதன் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளிக்குத்தான் அடிக்க முடியும். வெறும் எண்ணை வைத்து அடித்துவிட்டு, பிற்பாடு பிஸ்டன் வந்து பொருந்தாமல் போனால் பிளாக் ஒரு சைஸ் வீண்.

ஹெட்டைக் கொடுக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடின இரும்பு வால்வு சீட்டு அழுத்தச் சொல்லுங்கள். 2000 பிப்ரவரியோடு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய வார்ப்புச் சீட்டு, இன்றைய பெட்ரோலில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டும்போது தேய்ந்து உள்வாங்கும். டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள சந்து) தானாகக் குறைந்துகொண்டே வருவதுதான் அதன் அடையாளம். பூட்டும்போது ஹெட் நட்டுகள் நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று தவணையில் 50 அடி-பவுண்டு. மெயின் பேரிங் நட்டுகள் 70 அடி-பவுண்டு. டேப்பெட் இன்ஜின் குளிர்ந்திருக்கையில் 15 தௌ.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து, கேஜில் ஆயில் பிரஷர் ஏறியதைக் கண்ணால் பாருங்கள். பிடித்ததும் ஐடிலில் விடாமல், 20 நிமிடம் 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். வால்வுகளைத் தூக்கும் கேமும் டேப்பெட்டும் புதிதாகப் போட்டிருந்தால் ஒன்றுக்கொன்று பதம் பிடிப்பது அந்த 20 நிமிடத்தில்தான். ஐடிலில் கேம் மேல் ஆயில் போதிய அளவு தெறிக்காது. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். துத்தநாகச் சேர்மம் நல்ல அளவில் உள்ளதா என்று அதன் தகவல் தாளில் பார்த்து வாங்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட்டை மறுபடி இறுக்கி, டேப்பெட்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: காணாமல் போன போல்ட்டுகளுக்குக் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிப் போடுகிறேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகுகிறது.
- வாசகர், பெருந்துறை

பதில்: உடனே நிறுத்துங்கள். உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் யுஎன்எஃப், அதாவது அங்குல அளவிலான நெருக்கமான மரை. 5/16 அங்குல யுஎன்எஃப் போல்ட் 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. நீங்கள் வாங்கும் எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டில் மரை 1.25 மில்லிமீட்டருக்கு ஒன்று, அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 20. பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று போகும், அதன்பின் ஓட்டையிலுள்ள மரையை அழிக்கும். மரை கேஜ் ஒன்று வாங்கிப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானரும் அப்படித்தான்: அரை அங்குல ஏஎஃப் (எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அளந்த) தலைக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும்.

கேள்வி: பிரேக் பைப்பு எல்லாம் துரு. ஏசி மெக்கானிக்கிடம் செப்புக் குழாய் வாங்கி நானே வளைத்துப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், கரூர்

பதில்: கூடவே கூடாது. ஏசிக் குழாய் சுத்தச் செம்பு. வண்டி அதிர அதிர அது கடினமாகி, ஃபிளேர் (புனல் போல விரித்த முனை) கழுத்தில் வெடிக்கும். 1960களின் பல கார்களில் பிரேக் ஒற்றை வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 3/16 அங்குலச் செம்பு-நிக்கல் பிரேக் குழாய் வாங்குங்கள். ஃபிளேர் ஒற்றையா இரட்டையா என்று பழைய முனையைப் பார்த்து, அதே மாதிரி அடியுங்கள். 25 செ.மீ.க்கு ஒன்றாவது கிளிப் வேண்டும். ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து காற்றெடுக்கத் தொடங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கம்பிச் சக்கரம் என்றால் இன்னொன்று. வலப்பக்க ஹப்பில் இடமரை, இடப்பக்க ஹப்பில் வலமரை இருக்க வேண்டும். பிரித்து மாட்டும்போது ஹப்புகளை இடம் மாற்றிவிட்டால் ஓட ஓட நடுநட்டு இறுகுவதற்குப் பதிலாகத் தளரும்.

கேள்வி: கார்புரேட்டரை முழுக்கச் சர்வீஸ் செய்து ஆறு மாதம்தான் ஆகிறது. பெட்ரோல் குழாய் பிசுபிசுத்து ஒழுகுகிறது, ஐடிலில் இடறுகிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை ரப்பரை அது ஊறவைத்து மென்மையாக்கும். ஜே30 ஆர்9 என்று மேலே அச்சடித்த குழாயை மட்டும் போடுங்கள். பம்ப் டயாஃப்ரம், நீடில் வால்வு நுனி இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

எத்தனாலுக்குக் காற்று குறைவாகத்தான் தேவை. முன்பு சரியாக இருந்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) இப்போது பெட்ரோல் போதாத கலவையைக் கொடுக்கும், இடறலுக்கு அதுவும் காரணம். எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டர் என்றால் ஜெட்டைப் பாலத்தோடு (ஜெட்டைச் சுற்றியுள்ள மேடை) சமமாக ஏற்றி, அங்கிருந்து நட்டில் 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். இன்ஜின் சூடான பின் பக்கவாட்டு ஊசியால் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்குங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கினால் குறைவு, சற்று ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. எவ்வளவு திருகியும் ஐடில் நிற்கவில்லை என்றால் த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். தண்டு தேய்ந்து ஆடினால் அந்த வழியாகக் காற்று போகிறது. அதற்கு லேத்தில் புஷ் போட வேண்டும், திருகி எந்தப் பயனும் இல்லை.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள். எத்தனால் தண்ணீரை உறிஞ்சி அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், டேங்க் அங்கிருந்துதான் அழுகத் தொடங்கும்.

கேள்வி: சான் ஸ்டார்ம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். ஃபைபர் பாடியில் நட்சத்திரம் போல விரிசல்கள். பட்டி போட்டால் மறுபடி வருகிறது. பின்விளக்கும் மங்கலாக எரிகிறது.
- வாசகர், திருப்பூர்

பதில்: விரிசல் மேல்பூச்சில் தெரிகிறது, காரணம் அடியில் இருக்கிறது. உட்புறம் எந்தத் தாங்கியோ திருகோ அங்கே அழுத்துகிறது என்று முதலில் தேடிச் சரிசெய்யுங்கள். பிறகு விரிசலை வி வடிவில் அகலமாகத் தேய்த்து, அடியில் 450 கிராம் கண்ணாடி நார்ப் பாய் இரண்டு அடுக்கு, பாலியஸ்டர் ரெசின். எம்ஈகேபி கடினமாக்கி 1 சதவீதம் போதும். சித்திரை வெயிலில் 2 சதவீதம் போட்டால் டப்பாவிலேயே புகைந்து கெட்டியாகிவிடும். கோபால்ட் முடுக்கியையும் எம்ஈகேபியையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே எம்ஈகேபியைச் சேர்க்க வேண்டும்.

விளக்கு மங்குவதற்குக் காரணம் எர்த். ஃபைபரில் மின்சாரம் போகாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேஸி வரை போக வேண்டும். அந்த முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும். அந்த 1149 சி.சி. ரெனோ இன்ஜினில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றால், பாடி வேலைக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எம்ஜிபியின் இன்ஜின் தேறாது என்கிறார்கள். அம்பாசிடரின் இன்ஜின் அப்படியே உட்காருமா? பதிவில் சிக்கல் வருமா?
- வாசகர், கோவை

பதில்: அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியுடையதும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம், ஸ்ட்ரோக்கும் ஒன்றே. அதற்காகப் பாகங்கள் எல்லாம் மாறி மாட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்ஜிபியில் 1964 கடைசியிலிருந்து ஐந்து மெயின் பேரிங் கிராங்க், அம்பாசிடருடையது மூன்று.

எங்கள் கருத்து: பிளாக் வெடித்திருந்தால் தவிர அசல் இன்ஜினையே சிலிண்டருக்குள் லைனர் குழாய் போட்டுக் காப்பாற்றுங்கள். இன்ஜின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு "விஏ" என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் அசல் வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவில் தினசரி ஓட்டமும் முடியாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்ப, பராமரிப்புக்கு என்ற அளவில்தான் சாலைக்கு வரலாம். ஏற்கெனவே நடப்பில் உள்ள சாதாரண ஆர்.சி. இருந்து, வார இறுதியில் ஊர் சுற்ற ஆசையிருந்தால் அதையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. எதற்குப் போனாலும் சேஸி எண் தகட்டையும் இன்ஜின் எண்ணையும் தேய்க்காமல், பெயிண்ட் மூடாமல் பாதுகாத்து, கழற்றும் முன் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: எல்லாம் புதிதாகச் செய்தாகிவிட்டது. ஆனால் கல்லாறு தாண்டி நாலு வளைவு ஏறுவதற்குள் ஊசி சிவப்புக்குப் போகிறது.
- வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: ரேடியேட்டரை மாற்றும் முன் பிளாக்கைப் பாருங்கள். பக்கவாட்டு வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே சேறு. வெல்ஷ் பிளக்கை (பிளாக்கில் அடித்துப் பொருத்திய தகர மூடி) தட்டி எடுத்து, கம்பி விட்டுக் கிளறிக் கழுவுங்கள், குறிப்பாகக் கடைசிச் சிலிண்டரைச் சுற்றி. போர்வெல் தண்ணீரின் உப்புதான் இப்படிக் கல்லாகப் படிகிறது, ஆகவே இனிமேல் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும். அடுத்து இக்னிஷன் டைமிங். பின்தங்கியிருந்தால் மேட்டில் கொதிக்கும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி என்றால் வெப்பப் பிரதேசத்துக்கென்று உள்ள 74 டிகிரியைப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டுவது வேண்டாம். ரேடியேட்டருக்கும் முன் பானலுக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டையைப் பழையதென்று தூக்கிப் போட்டிருந்தால் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.